பதினேழாம் நம்பர் மரம்

மண்ணெண்ணெயில் நனைத்த துணியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, தையலக்கா மரத்தை நோக்கி நடந்தாள். மத்தியான வெயிலில் தெருவில் ஈ காக்கை இல்லை.

அந்த வாகை மரம்தான் அவளுடைய கடைக்குக் கூரை. பதினைந்து வருடமாக அதன் நிழலில்தான் தையல் மெஷின் ஓடுகிறது. அதன் மேல் அன்று காலையில் வெள்ளைப் பெயின்ட்டில் 17 என்று எழுதிவிட்டுப் போயிருந்தார் ஆபீஸ்காரர்.

தெருவை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று ஒரு வாரமாகவே பேச்சு. ஆபீஸ்காரர் வந்து மரத்தைச் சுற்றி டேப் பிடித்தார். "வயசு என்ன இருக்கும்மா?" என்று விசாரித்து, அடிமரத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு நம்பர் போட்டார்.

எதிர்வீட்டில் இருப்பது தையலக்காவின் ஓரகத்தி. அவள் வாசலில் நின்ற மரத்தையும் அளந்தார். "இது பருமன் பத்தாது" என்று விட்டுவிட்டார்.

"வெட்டுறதுலகூட அவளுக்குச் சலுகை!" தையலக்காவுக்கு வயிறு எரிந்தது.

அரைமணி நேரம் தேய்த்ததில் 17 இருந்த இடம் தெரியவில்லை. ஜன்னலுக்கு அடித்த வெள்ளைப் பெயின்ட் டப்பாவில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அப்புறம் கை சும்மா இருக்குமா? எதிர்வீட்டு மரத்தில் 17 ஏறிவிட்டது.

மறுநாள் காலை, ரம்பத்தோடு நாலு பேர் லாரியிலிருந்து குதித்தார்கள். ஓரகத்தி ஓடிவந்து தன் மரத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா! நேத்து இல்லாத நம்பர் இன்னைக்கு எப்படிக்கா வந்துச்சு?"

"ஆபீஸ்காரங்க மனசு நமக்கு எப்படிடி தெரியும்?" தையலக்கா வராத கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். மனசு லேசாக உறுத்தத்தான் செய்தது. ஆனால் தலைக்கு மேல் வாகை சலசலத்ததும் அதுவும் அடங்கிவிட்டது.

மேஸ்திரி எதிர்வீட்டு மரத்தருகே போய், "பதினேழு" என்று வாய்விட்டுப் படித்தார். பிறகு விறுவிறுவென்று தெருவைக் கடந்து வந்தார்.

"மெஷினைக் கொஞ்சம் நகர்த்தும்மா" என்றார். வாகையின் கிளையில் கயிறு விழுந்தது.

தையலக்கா பதறிப்போனாள். "அண்ணே, அண்ணே! நம்பர் அந்த மரத்துலல்ல இருக்கு? கண்ணு தெரியலையா?"

"தெரியுதும்மா. நம்பர் போட்ட மரத்தைத் தொடவே கூடாதுன்னு உத்தரவு."