பேன்ட்டைப் பற்றி ஒரு கமெண்ட்

சத்தியமாக அந்த கமெண்ட்டை நான் எழுதவில்லை. ஆனால் ஒருத்தரும் நம்பவில்லை.

அம்மாகூட.

"இவன் செய்யக்கூடியவன்தான் சார்," என்றாள், துறைத் தலைவர் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு. "வீட்டுல காலிங்பெல் மாதிரியே கத்துவான். போன வாரம் மட்டும் நாலு தடவை போய்க் கதவைத் திறந்தேன்."

"அம்மா, நீ யார் பக்கம்?"

"கதவைத் திறந்தவ பக்கம்டா."

விஷயம் இதுதான். எங்களுக்கு 'இணையமும் சமுதாயமும்' என்று ஒரு பாடம். வியாழக்கிழமைகளில் கம்ப்யூட்டர் லேபில் செமினார். ஒருத்தர் முன்னால் நின்று பேசுவார். மற்றவர்கள் அவரவர் மெஷினிலிருந்து கமெண்ட் அடிக்கலாம். பேசுகிறவருக்குப் பின்னால் பெரிய திரையில் அது ஓடும். அடித்தவர் பெயர் மட்டும் வராது.

"அதாவது..." என்று பேராசிரியர் முதல் நாளே விளக்கினார். அவர் ஒரு 'அதாவது' சொல்லி முடிப்பதற்குள் கேன்டீன் போய் வந்துவிடலாம். "பெயர் இல்லாத இடத்துல மனுஷன் எப்படி நடந்துக்கறான்னு... அதாவது... பார்க்கப் போறோம்."

பார்த்தோம்.

அன்றைக்கு முன்வரிசைப் பெண்ணின் முறை. அட்டென்டன்ஸுக்கே வாய் திறக்காமல் கையை மட்டும் தூக்குகிறவள். முதல் ஸ்லைடிலேயே குரல் உதறியது. திரையில் ஒரு கமெண்ட் விழுந்தது.

'பேசுறது ஆளா, வைப்ரேட்ல போட்ட போனா?'

லேப் குலுங்கியது. அவள் திரும்பிப் பார்த்தாள். படித்த வரியையே மறுபடி படித்தாள். அதே ரகத்தில் இன்னும் இரண்டு விழுந்தன. பேராசிரியரோ எங்களுக்குப் பின்னால் தன் மெஷினில் தலையைக் கவிழ்த்து, மார்க் போடுகிற மாதிரி ஏதோ தட்டிக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் அது வந்தது.

'வாத்தியார் பேன்ட்டைப் பார்த்தீங்களா? இன்னும் ரெண்டு இன்ச் ஏத்தினா சட்டையே தேவையில்லை.'

அவ்வளவுதான். மொத்த வகுப்பும் பேன்ட் மேல் பாய்ந்தது. 'பாக்கெட்ல கைவிட்டா அக்குள் சொறியலாம்' என்று ஒருத்தன். 'பெல்ட்டா, டையா?' என்று இன்னொருத்தி. முன்னால் நின்ற பெண் என்ன பேசினாள், எப்போது முடித்தாள், யாருக்குத் தெரியும்?

சத்தம் கேட்டு வந்த துறைத் தலைவர் திரையைப் படித்தார். வந்த சிரிப்பை இருமலாக்கிக்கொண்டு கத்தினார்.

"முதல்ல பேன்ட்ல கை வெச்சது யாரு?"

லேபில் இருந்த தலையெல்லாம் என் பக்கம் திரும்பியது. முந்தின நாள்தான் கேன்டீனில் பேன்ட்டை நெஞ்சுவரை ஏற்றிக்கொண்டு, 'அதாவது... அதாவது...' என்று அரை மணி நேரம் நடித்துக் காட்டியிருந்தேன். அன்றைக்குக் கைதட்டிய அதே கைகள்தான் இப்போது என்னைக் காட்டின.

"ஒரு செமஸ்டர் சஸ்பெண்ட். புரியுதா, புரியலையா?" என்றார் தலைவர், இப்போது தன் அறையில். எதைச் சொன்னாலும் வாலில் அதைக் கட்டிவிடுவார்.

"புரியுது, புரியலை சார்," என்றேன். பழக்க தோஷம். அவர் குரலிலேயே வந்துவிட்டது.

அம்மா தொடையில் கிள்ளினாள்.

மூலையில் பேராசிரியர் நெளிந்தார். "அதாவது... விட்டுடுங்க சார். பேன்ட் என்னோடது. நானே கவலைப்படலை."

"உங்களுக்கு ரோஷமே கிடையாதா?"

எனக்கும் அதே சந்தேகம்தான். வகுப்பே சேர்ந்து கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறது, மனுஷன் விட்டுடுங்க என்கிறார்! இவர் மன்னித்தால் நான் குற்றவாளி என்று ஆகிவிடாதா?

"விடக் கூடாது சார்," என்றேன் நெஞ்சை நிமிர்த்தி. "அந்த பேன்ட் கமெண்ட் எந்த மெஷின்லேருந்து வந்ததுன்னு மட்டும் பாருங்க. நிரபராதியைத் தண்டிக்காதீங்க."

லேபைக் கவனித்துக்கொள்கிற சிஸ்டம் அண்ணனைக் கூப்பிட்டார்கள். ஒரு பட்டியலை பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்தார். வருஷம் பூராவும் மூக்கடைப்பு அவருக்கு.

"பெஷின் டம்பர் டாற்பத்தொண்ணு சார்."

மாணவர்களுக்கு நாற்பது மெஷின். நாற்பத்தொன்று பேராசிரியருடையது.

"சார்!" தலைவருக்கு வால் கட்ட வரவில்லை. "உங்க பேன்ட்டை நீங்களேவா?"

"அதாவது... அந்தப் பொண்ணுக்கு இன்னும் நாலு ஸ்லைடு பாக்கி இருந்தது. திட்டி அடக்கியிருந்தா, பாவம், எல்லாரும் அவளையேதான் பார்த்திருப்பாங்க. சிரிக்கறதுக்கு வேற ஏதாவது கொடுக்கணுமே. அப்போதைக்குக் கைக்கு எட்டினது பேன்ட்தான்."

அம்மா அந்த பேன்ட்டை மிகுந்த மரியாதையோடு பார்த்தாள்.

"மன்னிச்சுக்கப்பா," என்றார் தலைவர் என்னிடம். நான் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன்.

சிஸ்டம் அண்ணன் இன்னும் தாளிலேயே கண்ணாக இருந்தார். "சார், அதுக்கு பேல ஒண்ணு இருக்கு. அந்தப் பொண்ணைப் பத்தி முதல்ல அடிச்சது. எந்த பெஷின்னு படிக்கட்டுபா?"

பேராசிரியர் எட்டித் தாளைப் பிடுங்கி நாலாக மடித்தார்.

"வேண்டாம் தம்பி. பின்னாடி உட்கார்ந்திருந்த எனக்கு எல்லார் கையும் தெரிஞ்சுது. அடுத்த வியாழக்கிழமை செமினார் அதை அடிச்சவனுக்குத்தான். முன்னால வந்து நின்னா அவனுக்கும் உதறும்." தலையைத் தடவிக்கொண்டார். "அதாவது... பேன்ட் முடிஞ்சுபோச்சு. என் வழுக்கை இன்னும் பாக்கி இருக்கு."

அடுத்த வியாழக்கிழமை செமினார் எனக்கு.