ஒன்பதரை மணித்தியாலம்

"வாப்பா மௌத்தாகிட்டார் நானா" என்றான் ஹாஷிம்.

விடியற்காலை, சுபஹுத் தொழுகை முடிந்த நேரம். அஸ்ஃபர் பாயில் எழுந்து உட்கார்ந்தான். தம்பியின் குரலுக்குப் பின்னால் உம்மா அழுவது கேட்டது.

"முதல் பிளைட்ல வாறன். அதுவரைக்கும் அடக்காம வைச்சிருங்க."

போனை வைத்ததும் கணக்குப் போட்டான். டோஹாவில் இருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஐந்து மணித்தியாலம். வெளியே வர ஒன்று. அங்கிருந்து கண்டி வீட்டுக்கு வேனில் மூன்றரை.

ஒன்பதரை மணித்தியாலம்.

பையின் கைப்பிடியில் பழைய பயணத்து அடையாளச் சீட்டு ஒட்டியிருந்தது. அதைக் கிழிக்கவில்லை.

எட்டு மணிக்கு, 'ஏறிட்டன், போனை ஓஃப் பண்றன்' என்று செய்தி அனுப்பினான். போனை அணைத்தான்.

பக்கத்தில் இருந்த பெண் தன் பிள்ளைக்குப் பணிஸ் பிய்த்துக் கொடுத்துவிட்டு அவனுக்கும் ஒரு துண்டு நீட்டினாள். வேண்டாம் என்று தலையசைத்தான். கண்ணை மூடினால் வாப்பாவின் முகம் வந்தது. திறந்தே வைத்திருந்தான்.

ஒரு மணிக்குப் போனைப் போட்டான். உடனே அடித்தது.

"இறங்கிட்டீங்களா நானா? இங்க மழை விடுதில்ல. இனியும் வைக்க ஏலாது எண்டு பள்ளியில சொல்றாங்க. அஸரோட அடக்கப் போறாங்க."

அஸர் தொழுகைக்கு இன்னும் இரண்டரை மணித்தியாலம் இருந்தது.

"வந்திடுவீங்களா?"

அப்போதுதான் பஸ் நடத்துனர் ஒருவன் அவன் காதருகே "நுவர, நுவர, நுவர" என்று கண்டிக்கு ஆள் கூவினான். அஸ்ஃபர் போனை இரண்டு கையாலும் பொத்தினான்.

அவன் உட்கார்ந்திருந்தது நாவலப்பிட்டி பஸ் நிலையத்தில், கடைசி வாங்கில்.

டோஹாவில் கம்பனியை மூடி அவனை அனுப்பி இரண்டு மாதமாகிவிட்டது. வீட்டில் எவருக்கும் தெரியாது. தங்கச்சி ஷிபானாவுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். மகன் கட்டாரில் இருக்கிறான் என்று சொல்லித்தான் வாப்பா அந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்திருந்தார். நிக்காஹ் முடியட்டும், பிறகு சொல்வோம் என்று அவன் இங்கே ஒரு இரும்புக் கடையில் வேலைக்கு நின்றான். பின்னேரங்களில் வாப்பா போன் எடுத்து, "அங்க வெயில் எப்பிடி மகன்?" என்று கேட்பார். கடும் வெயில் என்பான்.

இங்கிருந்து கண்டிக்கு ஒன்றரை மணித்தியாலம். நுவர பஸ் கதவைத் திறந்துகொண்டு எதிரே நின்றது. இப்போது ஏறினால் வாப்பாவின் முகத்தைப் பார்க்கலாம்.

கட்டுநாயக்கவில் இறங்கிய ஒருவனால் அவ்வளவு சீக்கிரம் வரமுடியாது. மாப்பிள்ளை வீட்டார் காலையிலேயே வந்துவிட்டதாக, அவன் போனை அணைக்குமுன் ஹாஷிம் செய்தி அனுப்பியிருந்தான்.

போனில் இருந்து கையை எடுத்தான்.

"ஏலாதுடா" என்றான். "நீங்க அடக்குங்க."

மறுமுனையில் ஹாஷிம் அழத் தொடங்கினான்.

பஸ் புறப்பட்டது. அடுத்ததும் போனது. அதற்கடுத்ததும்.

மூன்றரைக்கு நாவலப்பிட்டிப் பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொன்னார்கள். அஸ்ஃபர் வாங்கில் இருந்து எழுந்து, மழைக்குள் கண்டி வீதியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான்.

நாலு மணி பஸ்ஸில் ஏறினான்.