கொல்லையில் நாவல் வாசித்த ஆடுகள்

கசாப்புக் கடையின் கொல்லையில் மூன்று ஆடுகள் அடைபட்டுக் கிடந்தன. கறி மடிக்கவென்று எடைக்கு வாங்கிப் போட்ட பழைய நாவல்களை வாசிப்பதும், வாசித்த பக்கத்தைத் தின்பதுமாக அவற்றின் பொழுது போனது.

"அந்தப் பொண்ணு அவனுக்காக ரயிலடியிலேயே காத்துக் கிடந்தா பாரு, எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு," என்றது மயிலை.

"காகிதம் அடைச்சிருக்கும்," என்றது கொம்பன். "மர்மக் கதை படி. மிராசுதாரைக் கொன்னது யாரு? எனக்குச் சமையல்காரன் மேலதான் சந்தேகம்."

செவலைக்கு எதுவும் காதில் ஏறவில்லை. காலையில்தான் அதன் தங்கையை இழுத்துப் போயிருந்தார்கள். தோல் எதிர்ச் சுவரில் காய்ந்துகொண்டிருந்தது.

"அண்ணே, படல் இத்துப் போச்சு. மூணு பேரும் சேர்ந்து முட்டினா விழுந்துரும். தப்பிச்சுப் போயிரலாம்."

"இரு தம்பி, கடைசி அத்தியாயம்," என்றது கொம்பன்.

"என் தங்கச்சியைக் கொன்னதைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை கேக்கலியே."

"அதுல கேக்க என்ன இருக்கு? கொன்னது யாருன்னு எல்லாருக்கும்தான் தெரியுமே. விறுவிறுப்பே இல்ல."

மயிலை கண்ணீரோடு அடுத்த பக்கத்துக்குப் போனது. செவலை தனியாகவே படலை முட்டியது. படல் ஆடியதே தவிர விழவில்லை.

சற்று நேரத்தில் கடைக்காரர் உள்ளே வந்து கொம்பனின் கொம்பைப் பிடித்தார்.

"இப்பவாவது முட்டுங்கண்ணே," என்றது செவலை.

கொம்பன் இழுபட்டபடியே மயிலையைத் திரும்பிப் பார்த்தது.

"என் புஸ்தகத்தை எடுத்துப் படிச்சிட்டு முடிவைச் சொல்லிடாதே. வந்து நானே படிச்சுக்கிறேன்."