சனிக்கிழமை வண்டி

"அம்மா, இத்தனை நாளா உங்களை அந்த ஆளு நல்லா ஏமாத்தியிருக்கார்."

ஒர்க் ஷாப்பிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு திரும்பிய ஜெஸ்லின், செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

கிருபாவதி அவரைக்காய் நறுக்குவதை நிறுத்தினாள். "எந்த ஆளு?"

"உங்க டிரைவர்தான். கருத்தக்கண்ணன்."

கோயம்புத்தூரிலிருந்து ஜெஸ்லின் வந்ததே அப்பாவின் காரை விற்றுக் கொடுக்கத்தான். சுந்தர்ராஜ் ஆசையாக வாங்கிய டீசல் கார். கடைக்கு லீவு விட்டால் குடும்பத்தோடு எங்காவது தூரமாகக் கிளம்பிவிடுவார். அவர் இறந்த பிறகு அது சனிக்கிழமை மட்டும் வெளியே போகிறது. மற்ற நாளெல்லாம் போர்டிகோவில் உறைக்குள் நிற்கிறது. நாளைக்கு சர்ச் முடிந்ததும் கம்பத்துக்காரர் ஒருவர் பார்க்க வருகிறார். அதற்கு முன் மெக்கானிக்கிடம் காட்டிவிடலாம் என்று கொண்டுபோயிருந்தாள்.

"போன்ல என்கிட்ட என்ன சொன்னீங்க? டீசல் வண்டியை நிறுத்தியே வச்சா ஃபில்டர்ல கரி அடைச்சுக்கும், வாரம் ஒருதடவை தூரமா ஓட்டினாத்தான் எரிஞ்சு சுத்தமாகும்னு சொன்னீங்கள்ல?"

"ஆமா."

"மெக்கானிக் சிரிக்கிறாரும்மா. அந்த ஃபில்டர் இப்ப வர்ற புது டீசல் வண்டிக்குத்தானாம். நம்ம வண்டி பழசு. இதுல அப்படி ஒரு சாமானே கிடையாதாம். பேட்டரி இறங்காம இருக்க ஊருக்குள்ள ஒரு சுத்து சுத்தி வந்தாப் போதுமாம்."

கிருபாவதி கத்தியைத் தட்டில் வைத்தாள்.

"இல்லாத ஃபில்டருக்கு வாரா வாரம் குமுளி மலை! சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர்... காலம்பூரா லாரி ஓட்டின மனுசனுக்கு இது தெரியாதா?"

"தெரியாம இருக்காது" என்றாள் கிருபாவதி மெதுவாக.

"அப்படி என்னதான் பண்ணுவீங்க அவ்வளவு தூரம் போயி?"

"என்ன பண்ணுவோம்? கண்ணாடியை இறக்கி விடுவாரு. காத்து வரும். காமயகவுண்டன்பட்டிப் பக்கம் திராட்சை வெட்டுற நாளா இருந்தா வண்டியை மெல்ல விடுவாரு. லோயர் கேம்ப்ல டீ வாங்கிக் கொண்டாந்து குடுப்பாரு. எந்த வளைவுல லாரிய மறிச்சு யானை நின்னுச்சுன்னு கதை சொல்லுவாரு. ஒவ்வொரு வாரமும் யானை கொஞ்சம் பெருசாகும்."

கிருபாவதி சிரித்தாள். ஜெஸ்லின் சிரிக்கவில்லை.

"தினமும் போன் பண்றேன். நல்லா இருக்கேன், ஒரு குறையும் இல்லேன்னுதான் சொல்றீங்க. இங்க வந்து பார்த்தா ஒருத்தர் உக்காந்து கதை சொல்லியே உங்களை ஏமாத்துறார். வரட்டும் இன்னைக்கு."

"அவரை ஒண்ணும் சொல்லாத ஜெஸ்லின்."

கேட் திறந்தது. தேய்த்த சட்டை, நெற்றியில் திருநீறு, தோளில் வண்டி துடைக்கிற துணி. கருத்தக்கண்ணன்.

"பாப்பா எப்ப வந்தீக? பிள்ளைக சொகமா?" என்றவர் கிருபாவதியைப் பார்த்தார். "அம்மா, மேல மழையாம். வெரசாக் கெளம்பினா மேகம் எறங்குறதப் பாத்துப்புடலாம்."

"மேகம் பார்க்கவா போறீங்க? ஃபில்டர் சுத்தம் பண்ணப் போறதால்ல நினைச்சேன்."

கருத்தக்கண்ணன் காரைத் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லுங்க. இந்த வண்டியில அந்த ஃபில்டர் இருக்கா?"

"இல்ல பாப்பா."

"தெரிஞ்சேதான் பொய் சொன்னீங்களா? தனியா இருக்கிற பொம்பளை, எதைச் சொன்னாலும் நம்பிருவான்னு நினைச்சீங்க. அப்படித்தானே?"

அவர் ஒரு தடவை கிருபாவதியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"தப்புதேன் பாப்பா. நாந்தேன் சொன்னேன். வீட்டுல சும்மா கெடக்கேன். ஒருநா வேலையாச்சேன்னு..."

"வெக்கமா இல்ல உங்களுக்கு? பஜார்ல அப்பாவைத் தெரிஞ்சவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் ஊருக்குப் போவேன். இனிமே ஒருத்தர் உங்களை நம்பிச் சாவி குடுக்கக் கூடாது."

கருத்தக்கண்ணன் தோளிலிருந்த துணியை எடுத்து மடித்தார். மடித்ததை மறுபடியும் மடித்தார்.

"வாரேம்மா. ஒடம்பப் பாத்துக்கங்க."

அவர் கேட்டை நோக்கி நடந்தார். கிருபாவதி எழுந்து வந்தாள். காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். பானட் இன்னும் சுட்டது.

"நில்லுங்க, கருத்தக்கண்ணன்."

"விடுங்கம்மா" என்றார் அவர், திரும்பாமலே. "நீங்க ஒண்ணும் பேச வேணாம். பாப்பா கேக்குறது நாயந்தேன்."

"இல்ல, நான் பேசணும்."

கிருபாவதி மகள் பக்கம் திரும்பினாள்.

"ஃபில்டர் கதையை அவரு சொல்லல ஜெஸ்லின். பக்கத்து வீட்டுல புது வண்டி வாங்கினாக. அவுக பேசிக்கிட்டதைக் கேட்டு நான்தான் இவரை வரச் சொல்லி, நம்ம வண்டிக்கும் அப்படித்தான்னு சொன்னேன். அப்பவே இவருக்குத் தெரியும், இதுல அது இல்லேன்னு. கொஞ்ச நேரம் என் மொகத்தையே பாத்தாரு. அப்புறம், ஆமாம்மா, கட்டாயம் ஓட்டணும்னாரு."

ஜெஸ்லினுக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்க எதுக்கும்மா பொய் சொல்லணும்?"

கிருபாவதி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"வீட்டுக்குள்ளயே கெடக்க என்னால முடியலன்னு யாருகிட்டயும் சொல்ல வாய் வரல. வண்டியால முடியலன்னு சொன்னேன்."