இருபத்தொரு டிகிரி

கனடாவின் குளிர் ஊரான வின்னிபெக்கில், ஹலீனாவின் அப்பா வீட்டுச் சூட்டைக் காட்டிக் கட்டுப்படுத்தும் பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினான் அவள் கணவன் டார்சி.

"என்ன இது, பதிமூணு டிகிரி காட்டுது?"

"கடையில ஏமாத்திட்டாங்களா? பழசு எப்பவும் இருபத்தொண்ணுதானே காட்டும்!" என்றாள் ஹலீனா.

"வேற தெர்மாமீட்டர் வச்சும் பாத்துட்டேன். பதிமூணேதான். பழசுதான் இத்தனை நாளா பொய் சொல்லியிருக்கு."

ஹலீனாவுக்குத் திக்கென்றது. அப்பாவைப் பார்க்க வந்தால் போட்டிருக்கும் கோட்டைக்கூடக் கழற்றாமல் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவள் அவள். 'குளிருது, குளிருது' என்று வீட்டுக்குள்ளேயே கம்பளித் தொப்பியோடு திரிந்த அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று, போன மாதம்தான் முதியோர் இல்லத்தில் சேர்த்திருந்தாள்.

உடனே அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, என்னை மன்னிச்சிடுங்க..."

"எதுக்கும்மா மன்னிப்பு? நீ சொன்னதுதான் சரி. எனக்குத்தான் புத்தி கெட்டுப்போயிருந்துச்சு. இங்க சேர்த்தே பாரு, குணமாயிடுச்சு. இப்பல்லாம் குளிரவே இல்ல!"