செனட்டரும் சிவகுருநாதனும்

“நாப்பத்திரண்டு வருசமா ஒரே கதிரையிலயோ? அந்தாளுக்கு வெக்கமில்லையே?”

சேலை மடிப்புக்கு ஊசி குத்தியபடியே கேட்டாள் புஷ்பமலர்.

மகள் ஜெசிக்கா வகுப்பில் பேசுவதற்காக ஓர் அமெரிக்க செனட்டரின் வாழ்க்கையை எழுதி, அம்மாவுக்கு வாசித்துக்கொண்டிருந்தாள். ஊர் வக்கீலாகத் தொடங்கியவர். முப்பத்தெட்டு வயதில் செனட்டுக்குப் போனார். ஆறு வருசத்துக்கு ஒரு தேர்தல், ஏழு தேர்தலிலும் வெற்றி. எண்பதாவது வயதில் சக்கர நாற்காலியில் வந்து வாக்களித்தவர்.

“மிச்சத்தையும் கேளுங்கோ அம்மா. அவர் ரெண்டு தரம் விலகப் பாத்தவர். ஆக்கள்தான்...”

“காணும் பிள்ளை. எனக்கு வேண்டினது கிடைச்சிட்டுது.”

ஜெர்மனியின் எசன் நகரத் தமிழ் மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. அங்கேயும் ஒரு செனட்டர் இருக்கிறார். பெயர் சிவகுருநாதன். இருபத்துநான்கு வருசமாக அவர்தான் தலைவர். இந்த வருசம் கலைவிழா மண்டபத்துக்கு நேரத்துக்கு எழுதிக் கேட்க மறந்துபோனார். மண்டபம் வேறு ஆட்களுக்குப் போய்விட்டது. புஷ்பமலர் ஆறு மாதம் தொண்டை வற்றப் பழக்கிய பன்னிரண்டு பிள்ளைகளின் நடனம் அதோடு சரி.

இன்றைக்கு அந்த மனுசனைக் கதிரையிலிருந்து இறக்காமல் வீடு திரும்புவதில்லை.

ஒரு கையில் மூன்று பக்கப் பேச்சு, மறுகையில் வழக்கம்போல சுடச்சுடப் பொரித்த ஒரு தட்டு றோல்ஸ். தட்டை மன்றத்துச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தவள், கூட்டம் தொடங்கியதுமே எழுந்தாள்.

“அண்ணை, அமெரிக்காவில ஒரு செனட்டர் நாப்பத்திரண்டு வருசம் இருந்தவராம். நீங்கள் அவரையும் வெல்லப் போறியளோ?”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. சிவகுருநாதனும் சிரித்தார்.

“இல்லைத் தங்கச்சி. நான் இண்டைக்கே விலகுறன்.”

இவ்வளவு லேசாகவா? புஷ்பமலருக்குச் சப்பென்று போய்விட்டது. மூன்று பக்கத்தில் முதல் வரிதானே முடிந்திருக்கிறது!

“விலகினாப் போல சரியோ? இவ்வளவு காலமும் எப்பிடி ஒட்டிக்கொண்டு இருந்தவர் எண்டு சனத்துக்குத் தெரிய வேணும். வேணுஜா, போன வருசக் கூட்டத்தில எழுதினதை எடுத்து வாசியும் பாப்பம்!”

செயலாளர் வேணுஜா ஒரு வக்கீலின் அலுவலகத்தில் வேலை செய்பவள். கூட்டத்தில் யாராவது தும்மினாலும் எழுதிவிடுவாள். கோப்பைத் திறந்தாள்.

“அது வேண்டாம் பிள்ளை,” என்றார் சிவகுருநாதன் அவசரமாக. “வாசியாதையும்.”

“பாத்தியளோ! மனுசன்ர முகம் கறுக்கிறதைப் பாத்தியளோ! நீர் வாசியும்!”

வேணுஜா வாசித்தாள்.

“‘மனைவி கமலநாயகிக்குக் கிழமையில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு நடப்பதால், தன்னைப் பதவியிலிருந்து விடும்படி தலைவர் மூன்றாவது வருசமாகக் கேட்டார். புதிய ஆளைத் தெரிவுசெய்ய அரை மணி நேரம் ஒதுக்கச் சொன்னார்.’”

வேணுஜா பக்கத்தைப் புரட்டினாள்.

“‘அரை மணி நேரமெல்லாம் ஏலாது, பழைய ஆளையே போடுங்கோ என்று ஒருவர் சமையலறை வாசலில் நின்று முன்மொழிந்தார். எல்லோரும் கை உயர்த்தினார்கள். தலைவர் மறுபடி பேச எழுந்தார். அதற்குள் கூட்டம் கலைந்தது.’”

முன்வரிசையில் இருந்த தங்கராசா தன் கைகளை மெல்ல மடிக்குள் இழுத்துக்கொண்டார். பின்னால் இன்னும் பல கைகள் ஒளிந்தன.

புஷ்பமலருக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கியதோடு கோபமும் வந்தது.

“வருத்தக்காறியை வீட்டில வைச்சிருக்கிற மனுசனை இருத்தி வைச்சது ஆர்? ஈவிரக்கமில்லாத சென்மம்! பேரை வாசியும் பிள்ளை, எல்லாருக்கும் கேக்கட்டும்!”

வேணுஜா தலைவரைப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“‘முன்மொழிந்தவர் திருமதி புஷ்பமலர் கிறிஸ்தோப்பர். அவர் சொன்ன காரணம்: றோல்ஸ் ஆறுது.’”