ஆறுமணிக் குருவி

நிச்சயதார்த்த மண்டபத்தில் கரண்ட் போயிருந்த நேரம், பச்சை முதுகும் சிவந்த அடிவயிறுமாய் ஓர் ஆறுமணிக் குருவி மின்விசிறி இறக்கையில் வந்தமர்ந்து கண்மூடியது. பெண்ணின் அம்மா செண்பகவல்லி விசிறியின் சுவிட்சை அணைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். கரண்ட் வந்தது.

“வேர்த்து ஊத்துது சம்பந்தியம்மா, ஃபேனைப் போடுங்க,” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

“கொஞ்சம் பொறுங்க. இமயமலையில இருந்து பறந்து வந்திருக்கு.”

“நாங்களும் தூத்துக்குடியில இருந்து வந்திருக்கோம்.”

“வேன்லதான வந்தீங்க?”

“கையை எடு, இந்தச் சம்பந்தமே போயிரும்,” என்று கணவர் அவள் காதில் கெஞ்சினார். முருகா, நீ பார்த்துக்கொள் என்று நினைத்தபடி அவள் அசையாமல் நின்றாள்.

சம்பந்தி வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு தோள்துண்டை எடுத்துத் தனக்கு வீசிக்கொண்டார். பெண்ணின் அப்பா பக்கத்தில் வந்து உட்கார, அவருக்கும் சேர்த்து வீசினார்.

செண்பகவல்லி இன்னும் கையை எடுக்கவில்லை.